பாஸ்டர் மேல் பதினேழு மனு

"டிரம்ஸைக் கொஞ்சம் மெல்ல அடிங்கண்ணா. பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வந்துடப் போறார்" என்றாள் பாஸ்டரின் மகள். முப்பத்திரண்டு வருடம் அந்தச் சபையை நடத்திய அப்பா, மேடைக்கு முன்னால் சவப்பெட்டியில் படுத்திருந்தார். இன்றைக்காவது வம்பு வேண்டாமே என்று இருந்தது அவளுக்கு.

பக்கத்துக் கடைக்காரர் கடிகாரம் ரிப்பேர் செய்பவர். ஜெபச் சத்தத்தில் கடிகாரம் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்றே தெரியவில்லை என்று போலீஸுக்குப் பதினேழு மனு கொடுத்தவர்.

அவள் சொல்லி வாயை மூடுவதற்குள் அவரே வாசலில் வந்து நின்றார்.

ஓடிப்போய்க் கைகூப்பினாள். "சார், இன்னைக்கு ஒருநாள் பொறுத்துக்குங்க. இன்னொரு மனு எழுதிடாதீங்க."

"நான் எங்கம்மா எழுதினேன்? எனக்குக் கையெழுத்து போட மட்டும்தான் தெரியும்."

"அப்போ எழுதிக் கொடுத்தது யாரு?"

அவர் பெட்டியைக் காட்டினார்.

"முதல் தடவை சண்டை போடத்தான் வந்தேன். 'மனுவா கொடுங்க, அதுதான் முறை'ன்னு அவரே பேப்பரை எடுத்தார். நான் 'சத்தம்'னு சொன்னா, அவர் 'காது கிழியற சத்தம்'னு எழுதுவார். எழுதி முடிச்சு, மனு ஜெயிக்கணும்னு ஜெபமும் பண்ணுவார்."

இரண்டு நாளாக அழுதுகொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஜெபம் பலிச்சுதா சார்?"

"எங்க? உங்கப்பா மனசார ஜெபம் பண்ணியும் பலிக்காதது இது ஒண்ணுதாம்மா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார்.