லேப்டாப்பைத் தூங்கவைத்த மவுஸ்

பூங்கோதை லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். ஆபீஸில் அதைத் திறந்து காட்டித்தான் எல்லார் முன்னாலும் பேச வேண்டும். ஆனால் பைக்குள் லேப்டாப்புக்குத் தூக்கமே வரவில்லை. உடம்பு கொதித்தது. சார்ஜ் மளமளவென்று இறங்கியது.

"விடு, ஏன்னு நான் கண்டுபிடிக்கிறேன்!" என்று துள்ளியது பக்கத்தில் கிடந்த வயரில்லாத மவுஸ். "அப்டேட் ஏதாவது ஓடுதா? இல்லையா? அப்போ மூடி சரியா மூடலை! நல்லா மூடிக்கிட்டுப் படு, பார்க்கலாம்!"

லேப்டாப் படுத்தது. உள்ளே விசிறிச் சத்தம் மெல்ல அடங்கியது.

"தூங்கிட்டியா?" என்று மவுஸ் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியது.

விசிறி மறுபடி இரைந்தது.

"சே, நல்லா வந்துட்டிருந்துச்சே! சரி, இன்னொரு தடவை!"

பாதி வழி இப்படியே போனது.

"இந்தச் சூட்டுல என் தயிர்சாதம் புளிச்சே போயிடும்!" என்று அலறியது அதே பைக்குள் இருந்த டிபன் டப்பா.

"பயப்படாதக்கா, நெருங்கிட்டேன்!"

அப்போது வேகத்தடையில் பஸ் தூக்கிப்போட்டது. மவுஸ் மல்லாந்து விழ, அதன் மேல் டப்பா சரிந்தது. டப்பாவின் விளிம்பு பட்டு மவுஸின் வயிற்றிலிருந்த சுவிட்ச் அணைந்துவிட்டது. அதன் பேச்சும் நின்றது.

லேப்டாப் அடித்துப்போட்டாற்போல் தூங்கியது.

ஆபீஸில் பூங்கோதை மவுஸின் சுவிட்சைப் போட்டு, லேப்டாப்பைத் திறந்தாள். சார்ஜ் பாதிக்குமேல் இருந்தது. மவுஸுக்குத் தலைகால் புரியவில்லை.

"தூங்கிட்டானா! பாத்தியாக்கா, நான் மட்டும் பக்கத்துல இல்லேன்னா இவன் தூங்கியிருப்பானா?"