பதில் சொல்லாதே

குழிக்குள்ளிருந்து மறுபடியும் அந்தக் குரல் வந்தது. “சலாமா…”

சலாமா தலைப்பாகைத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டான். கல்லறைக்குள்ளிருந்து கூப்பிடும் குரலுக்குப் பதில் சொன்னவன் பிழைக்க மாட்டான். பழங்கால ராஜாக்களின் கல்லறைகள் நிறைந்த குர்னா மலையில் இது கைக்குழந்தைக்கும் தெரியும்.

அவன் அப்பா ஆயுசு முழுக்க வெள்ளைக்காரன் புதையல் எடுக்கக் கல்லறை தோண்டிச் செத்தார். மகன் தனக்கென்று தோண்டினான். தம்பியோடு சண்டை போட்டு, வீட்டைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரித்ததில் மிஞ்சிய அடுப்படியில்தான் குழி. பகலில் பக்கத்து மாவு மில் ஓடும்போது தோண்டினால் வெளியே சத்தம் கேட்காது. நேற்று கல்லறையின் கூரை உடைந்தது. இன்று குரல்.

“செத்துப்போன எங்கப்பா குரல் மாதிரியே இருக்கு, ஷேக்கே.”

“அதான் அதோட வேலை,” என்றார் ஜின் ஓட்ட வந்திருந்த ஷேக் மப்ரூக், சாம்பிராணித் தணலை ஊதிக்கொண்டே. “உள்ளே படுத்திருக்கிறவனுக்குக் காவலா வெச்ச ஜின். ரத்த சொந்தத்தோட குரலைத்தான் எடுக்கும்.”

கீழே இருமல் கேட்டது. வறட்டு இருமல்.

சலாமாவின் மனைவி நஃபீசா திரும்பினாள். “ஜின் இருமுமா?”

“மூவாயிரம் வருஷத் தூசும்மா. இருமாம என்ன பண்ணும்?”

“ஏங்க, யாருன்னு ஒரு தடவை கேட்டுடுங்களேன்.”

“எதிர்வீட்டு ஹம்தானும் அவன் குழியில இப்படித்தான் கேட்டான். வெள்ளிக்கிழமை தூக்கிட்டுப் போனோம்.”

“அவன் கஞ்சா அடிச்சிட்டு மாடியிலேர்ந்து விழுந்தான்.”

“தள்ளிவிட்டது யாருன்னு பாத்தியா? நான் போயிட்டா நீயும் நம்ம பையன் ஹசனும் யார் வாசல்ல நிப்பீங்க?”



“மூடு,” என்றார் ஷேக். “அழும், கெஞ்சும். கையை நிறுத்தாதே.”

சலாமா உப்பைக் கொட்டினான். பிறகு கல், கல்லுக்கு மேல் மண். கீழேயிருந்து அழுகை வந்தது. கல்லில் எதையோ வைத்து இடிக்கும் சத்தம் வந்தது. ஷேக் ஓதும் குரலை உயர்த்தினார். மண் வெட்டிப் பழகிய கை; குழி சீக்கிரமே நிறைந்தது. ஏறி நின்று காலால் மிதித்து இறுக்கினான்.

சத்தம் மெலிந்து, நின்றுபோனது.

நஃபீசா ரொட்டியும் டீயும் வைத்தாள். உயிர் தப்பிய பசியில் சலாமா ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தான்.

கொல்லைக் கதவைத் தள்ளிக்கொண்டு தம்பி பெண்டாட்டி ஹனீயா வந்தாள். வீடு பிரிந்த பிறகு அவள் இந்தப் படி மிதித்ததில்லை. தலைமுடியெல்லாம் மண். நகங்கள் பிய்ந்து விரல்களில் ரத்தம்.

அக்கம்பக்கத்துக்குக் கேட்டுவிடுமோ என்று அவள் ரகசியமாகத்தான் பேசினாள். “ஹசன் அப்பா, எங்க பக்கமும் தோண்டினோம். மண்ணு சரிஞ்சு வழி அடைச்சுக்கிச்சு. அவர் உங்க குழி வழியா ஏறி வந்துட்டாருல்ல?”