நாலு விரல் அகலம்

மேடவாக்கம் ஆபீஸின் ஏசி குளிருக்காக ஏஞ்சல் தன் தோழிகளுக்கு உல்லன் சால்வை பின்னித் தருவாள். படம் பார்த்துக்கொண்டே பின்னுவதால், படம் எப்படியோ பின்னலும் அப்படி. நித்யஸ்ரீக்குக் கொடுத்தது தொளதொளவென்று இருக்கும். அது முழுக்க காமெடிப் படம்.

இரண்டு மாத லீவு முடிந்து வந்த வேதாவுக்கு இன்று மதியச் சாப்பாட்டின்போது ஒன்று கிடைத்தது.

"கடையில கூட இப்படிக் கிடைக்காதுடி! இரு, என்னென்ன படம்னு நானே கண்டுபிடிக்கறேன்."

லீவில் துப்பறியும் நாவல்களாகப் படித்துத் தள்ளியவள் அல்லவா? சால்வையை மேஜையில் விரித்து, ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

"இங்க ஒரே சீரா போகுது. லவ் ஸ்டோரி. சரியா?"

"சரி," என்று சிரித்தாள் ஏஞ்சல்.

நடுவில் நாலு விரல் அகலத்துக்கு மட்டும் பின்னல் கயிறுபோல இறுகியிருந்தது. வேதாவின் விரல் அங்கே நின்றது.

"அம்மாடி, இது பயங்கரமான பேய்ப் படம்! ஊசியை என்னா பிடி பிடிச்சிருக்க! அதுக்கு அடுத்த வரிசை ஒரேயடியா லூசு. பேய் ஓடிடுச்சா? படம் பேர் சொல்லு, நானும் பார்க்கறேன்."

ஏஞ்சல் டிபன் பாக்ஸை மூடினாள்.

"அப்ப படம் எதுவும் ஓடலடி. உனக்கு ஆபரேஷன் நடந்த அஞ்சு மணி நேரமும் வெளியில உக்காந்து பின்னினேன். அப்புறம் டாக்டர் வந்து, நல்லா இருக்காங்கன்னு சொன்னாரு. அதுதான் அந்த அடுத்த வரிசை."