மாப்பிள்ளையின் முதுகு

“புது லிஃப்ட் கண்ணெதிர்ல நிக்குது. முழங்கால் ஆபரேஷன் ஆன எங்கம்மாவைப் போய் மூணு மாடி ஏறச் சொல்றீங்களே, நல்லாருக்கா?” மனைவி வெடித்தாள்.

“அவங்க ஏற வேண்டாம். நான் தூக்கிட்டு வரேன்.”

“பகல் பூரா பட்டறையில நிக்கல் பிளேட்டிங் பண்ணிட்டு வந்த உடம்பு. விளையாடாதீங்க!”

அவன் மாமியாரை முதுகில் ஏற்றிக்கொண்டான்.

“ஐயோ மாப்பிள்ளை, கனப்பேனே!”

“கெட்டியாப் பிடிச்சுக்குங்க அத்தை.”

லிஃப்ட் வந்ததிலிருந்து இதே கூத்துதான். படியேறினால் உடம்புக்கு நல்லது என்று வீட்டில் யாரையும் அவன் அதில் ஏற விட்டதில்லை.

மூன்றாம் மாடியில், வீட்டு வாசலில் இறக்கிவிட்டபோது மாமியாருக்குக் கண் கலங்கியது. “பெத்த பிள்ளைகூட இப்படிச் சுமக்காது.”

மனைவியின் கோபம் போன இடம் தெரியவில்லை. காபி போட உள்ளே ஓடினாள்.

அவன் வாசலிலேயே நின்றான். எதிர்வீட்டுக்காரி இரண்டு குழந்தைகளோடு லிஃப்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தாள்.

அந்த லிஃப்டைத் தாங்கும் போல்ட்டுகளுக்கு நிக்கல் பூச்சு ஏற்றியவன் அவன்தான். ஏற்றிய கையோடு அவற்றை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பளபளத்தாலும் உள்ளே இரும்பு முறுகலாகிவிடும். என்றைக்காவது பட்டென்று ஒடியும். அவசர ஆர்டர் என்று அவன் அடுப்பைப் பற்றவைக்கவே இல்லை. கேட்டவர்களிடம் ‘வெச்சாச்சு’ என்றுவிட்டான். தன் வீட்டு லிஃப்டுக்கே அவை வந்து சேரும் என்று கண்டானா?

“மாமா, நீங்க வரலையா?” என்றது சின்னது.

வாயைத் திறந்தான். சொன்னால் வேலை போய்விடும்.

“நீங்க போங்க கண்ணு.”

கதவு மூடியது. கீழே லிஃப்ட் போய்ச் சேர்ந்த மணி அடிக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான், தினமும் நிற்பதைப் போலவே.