ஆட்சேபனை பதிவு செய்யப்பட்டது

"ரெண்டு நிமிஷம்தான்மா. சுருக்கமாப் பேசுங்க" என்றார் மேடையில் இருந்த கனிமவள அதிகாரி.

"பன்னெண்டு வருஷமா அளந்ததை ரெண்டு நிமிஷத்துல எப்படி சார் சொல்றது?"

ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் பம்ப் ஆபரேட்டர் அவள். மலையடிவாரத்தில் லித்தியம் வெட்டி எடுக்க உரிமம் தருவது பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் உட்கார இடமில்லை. தினமும் நீர்மட்டம் குறித்து வைத்த நோட்டுகளை அவள் மார்போடு அணைத்திருந்தாள்.

"சுரங்கம் தோண்டறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நிலத்தடி நீரை அளக்கணும்னு உங்க சட்டமே சொல்லுது. இந்தக் கம்பெனிக்காரங்க அளந்தது பதினஞ்சே நாள். அதுவும் அடைமழையில! சோதனைக்குத் துளை போட்டதுக்கே எங்க கிணத்துத் தண்ணி பதினோரு அடி இறங்கிடுச்சு. அறிக்கையில அது எங்க சார்?"

கம்பெனி வக்கீல் சிரித்தார். "உங்க செல்போன் பேட்டரியில இருக்கறதும் இதேதாம்மா. உலகமே புகையில்லாத வண்டிக்கு மாறுது. நீங்க குறுக்கே நிக்கறீங்க."

"வேண்டாம்னு யாருய்யா சொன்னா? ஒழுங்கா அளந்துட்டு வெட்டுங்கன்னுதானே கத்தறேன்! உங்க வண்டியில புகை வரக்கூடாது, சரி. எங்க குழாயில தண்ணியுமா வரக்கூடாது?"

கைதட்டலில் ஹால் அதிர்ந்தது. அதிகாரி நிமிரவேயில்லை.

"ஆட்சேபனையைப் பதிவு பண்ணியாச்சும்மா. உட்காருங்க."

"நோட்டைப் பிரிச்சுக்கூடப் பார்க்கலியே சார்!"

"உட்காருங்கம்மா."

அடுத்த பத்து நிமிடத்தில் கூட்டம் முடிந்தது. உரிமம் வழங்கலாம் என்று பரிந்துரைத்து அதிகாரி கையெழுத்துப் போட்டார். வக்கீல் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே விறுவிறுவென நடந்தவளின் அருகில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி அவசரமாக இறங்கினார்.

"மேலேர்ந்து நெருக்கறாங்கம்மா. நான் என்ன பண்ண முடியும்? வெயில்ல நடக்காதீங்க. ஏறுங்க, வீட்டுல விட்டுடறேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த வீட்டுலடா? ஊர்ல எல்லாப் பொம்பளையையும் கூப்பிடற 'அம்மா'வோட நிறுத்திக்கோ. பெத்தவளாச்சேன்னு இனிமே என் வாசப்படி மிதிக்காதே!"