பச்சைப் புள்ளி

டிசம்பர் பிற்பகல். மூன்று மணிக்கே இங்கிலாந்தின் பர்ன்லி நகரப் பள்ளி ஜன்னல்களில் இருட்டு கவியத் தொடங்குகிறது. வருகைப் பதிவு எடுத்த ஆசிரியை தோர்ன்லி திரையை அணைக்க மறந்துவிட்டார். வகுப்பின் இருக்கைப் படம் சுவர் முழுக்க ஒளிர்கிறது. ஏழு பெயர்களுக்கு அருகில் பச்சைப் புள்ளி. பள்ளியில் இலவச மதிய உணவு பெறும் ஏழை வீட்டுப் பிள்ளைகளைக் கைதூக்கிவிட அரசு நிதி தருகிறது. அவர்கள் நோட்டை முதலில் திருத்தப் பள்ளி வைத்த அடையாளம் அது.

“என்ன மிஸ் அந்தப் புள்ளி?” என்கிறான் கானர்.

“ஒண்ணுமில்ல, என் வசதிக்குப் போட்டது.”

“ஏழு பேரும் ஓசிச் சாப்பாட்டு கோஷ்டிடா,” என்கிறது பின்வரிசை.

சிரிப்பு. திரை அணைகிறது. ஹீட்டர் முனகுகிறது. ஆசிரியை வழக்கம்போல் முதலில், அந்த ஏழு பேரில் ஒருத்தியான ஷெல்பியிடம் நோட்டுக்குக் கை நீட்டுகிறார். அவள் நோட்டைப் பைக்குள் தள்ளுகிறாள்.

“எழுதல மிஸ்.”

இரண்டு பக்கம் எழுதிய மை இன்னும் அவள் விரலில் இருக்கிறது.