நன்றாக ஊதியவர்கள்

"இதையெல்லாம் வீட்ல உக்காந்து எழுதினியாம்மா?"

டாக்டர் ஜெபஸ்டின் குரலை உயர்த்தவில்லை. முத்துசெல்விக்கு அதுதான் பயமாக இருந்தது.

அவள் படிப்பது மருத்துவ ஆராய்ச்சியில் எம்.எஸ்சி. பீடித் தூள் பெண்களின் நுரையீரலை என்ன செய்கிறது என்பது ஆய்வு. வழிகாட்டி ஜெபஸ்டின். அச்சன்புதூரில் தெருத்தெருவாக அலைந்து, பீடி சுற்றும் பெண்களை மூச்சளக்கும் குழாயில் ஊதச் சொல்லி, முள் எதுவரை ஏறுகிறது என்று குறித்து வந்திருந்தாள். எல்லாருக்குமே முள் நன்றாக ஏறியிருந்தது. அதுதான் வினையாகிவிட்டது.

"காலமெல்லாம் தூள்ல கெடக்குத பொம்பளைங்க. ஒருத்திக்குக்கூட இளைப்பு இல்லையா? பொய்க்கணக்குன்னு தெரிஞ்சா உன் படிப்பே போயிரும்."

"சத்தியமா ஊதினாங்க சார்."

"சரி, நானே வந்து பாக்கேன்."

தென்காசியிலிருந்து காரில் போகும்போது முத்துசெல்விக்குக் கோபமெல்லாம் சொக்கம்மாள் மேல்தான். தெருப் பெண்களைக் கூப்பிட்டுத் தன் வீட்டு வாசலில் வரிசையாக உட்கார வைப்பவள் அவள். ஆனால் அவள் மட்டும் ஒருநாளும் ஊதியதில்லை. கேட்டால் உலையில் அரிசி கிடக்கும், இல்லாவிட்டால் பீடிக்கடைக்கு அவசரமாகப் போக வேண்டியிருக்கும். பெரிய மனுஷி.

சொல்லாமல் போனதால் அன்று வாசலில் வரிசை இல்லை. வீட்டுக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. ஒருத்தி நிறுத்தினால் இன்னொருத்தி தொடங்கினாள்.

உள்ளே ஏழெட்டுப் பேர் மடியில் இலையும் தூளும் பரப்பிய சொளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சொக்கம்மாளைத் தவிர ஒருத்தரையும் முத்துசெல்வி பார்த்ததே இல்லை.

"இவங்கல்லாம் யாரு அத்தை? ஏன் ஊத வரல?"

டாக்டரைக் கண்டதும் சொக்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அப்படியும் இருமல் நிற்கவில்லை.

"நீ ஏதோ பெரிய படிப்பு, இது அதுக்குள்ள பரீட்சைன்னு சொன்னேல்லா. அதான் நெஞ்சு நல்லா இருக்கவளுவளாப் பாத்து ஊத வச்சேன். இருமுதவளுவ நாங்கல்லாம் நீ போற வரைக்கும் வாயில துணிய வச்சிக்கிட்டு உள்ள இருந்துக்கிட்டோம்."

முத்துசெல்வி பையிலிருந்து குழாயை எடுத்தாள்.

டாக்டர் தரையில் உட்கார்ந்தார். குழாயை வாங்கி அவரே நீட்டினார்.

"ஊதுங்கம்மா."

சொக்கம்மாள் தயங்கினாள். பிறகு இருந்த மூச்சையெல்லாம் கூட்டி ஊதினாள். முள் லேசாக அசைந்தது, அவ்வளவுதான்.

முத்துசெல்வியின் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பார்த்ததும் சொக்கம்மாள் பதறிப்போய் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை மட்டும் எழுதிராதிய சார். பாவம், பிள்ளைக்கு மார்க்கு குறைஞ்சிரும்."